அறுந்திருக்க வேண்டிய கோடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நிரல் எழுதுவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் பழகிய கருவிகளில் பாதியை இன்று யாரும் தொடுவதில்லை. மீதி வேலையை உங்கள் கம்ப்யூட்டரே செய்து தந்துவிடுகிறது. ஆகவே நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அதை எந்தக் கருவியை வைத்துக்கொண்டும் செய்யலாம், நீங்களும் செய்வீர்கள்.

அப்போது சேலத்தில் நாம் இருபது பேர்தான். பங்கு வாங்கி விற்பவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்க்கும் மென்பொருளைச் செய்து, தரகு அலுவலகங்கள் மூலமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். விலை ஏறி இறங்குவதைக் காட்டும் சார்ட்டின் தோற்றம் முழுவதும் என் பொறுப்பு. கோடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், பின்புலம் என்ன நிறம், கட்டங்கள் தெரிய வேண்டுமா மறைய வேண்டுமா, எல்லாம் நான். எனக்குப் ‘பெயின்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டல்தான், ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

வாடிக்கையாளர்கள் கேட்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஈரோட்டுத் தரகர் ஒருவர், “எறக்கத்துக்குச் செவப்பு வேண்டாமுங்க, பாத்தாலே வயித்தக் கலக்குது” என்றார். அவருக்கு இளம் ஊதா போட்டுக் கொடுத்தேன். நஷ்டம் ஊதாவில் வந்தால் உறைக்காது என்று நினைத்தாரோ என்னவோ, பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். இப்படிப்பட்ட பாராட்டில்தான் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

சின்ன நிறுவனங்களின் பங்குகள் சில நேரம் பத்து நிமிடம், கால் மணி நேரம் கைமாறாமல் கிடக்கும். அப்போது சார்ட்டில் கோடு விட்டுவிட்டு வரும். எலி கடித்த மாதிரி இருக்கிறது என்று புகார் வந்தது. நான் அதைச் சரிசெய்தேன். புது விலை வராவிட்டால், கடைசியாக வந்த விலையிலேயே கோடு நீண்டுகொண்டு போகும்படி எழுதினேன். யாரும் வாங்கவில்லை, விற்கவில்லை என்றால் விலை மாறவில்லை என்றுதானே பொருள். அதே கையோடு இன்னொன்றும் செய்தேன். இணைப்பு போனால் கீழ் மூலையில் சிவப்பாகும் சின்ன விளக்கு ஒன்று இருந்தது. கறுப்புப் பின்புலத்தில் அது கண்ணை உறுத்தியது. அதைச் சாம்பல் நிறமாக்கிவிட்டேன். அப்டேட் எல்லோருக்கும் போனது, பார்க்க அழகாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பையன் லீவில் இருந்ததால் நான் போனை எடுத்தேன்.

“ஏனுங்க, நான் கொல்லிமலை வாழவந்தி நாட்டுல இருந்து பேசறேனுங்க. எம்பேரு மல்லிகா. உங்க சார்ட்டத்தான் வெச்சிருக்கேன். காலைல இருந்து முன்னாடியேதான் உக்காந்திருந்தேனுங்க. கோடு நேராப் போயிட்டே இருந்துச்சு. திடீர்னு பாத்தா கீழ விழுந்து கெடக்குது. எறங்குனதே தெரியலீங்களே?”

எந்தப் பங்கு என்று கேட்டு என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்த நிறுவனத்தைப் பற்றி ஏதோ கெட்ட செய்தி வந்திருக்கிறது. அதிலிருந்து முக்கால் மணி நேரம் விலை படிப்படியாக இறங்கி, கடைசியில் வாங்க ஆளே இல்லாமல் நின்றுவிட்டது. இறக்கம் முழுவதும் என் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

“பன்னெண்டு மணில இருந்தே எறங்கிட்டுத்தாம்மா இருக்குது. இங்க நல்லாத் தெரியுது. நீங்க சரியாக் கவனிக்கல போல” என்றேன்.



“பாத்துட்டுத்தான் இருந்தேனுங்க.”

“சில நேரம் கண்ணு அசந்துடும்மா. எல்லாருக்கும் நடக்கறதுதான்.”

“அப்படிங்களா… சரிங்க” என்று வைத்துவிட்டார். பதிவேட்டில் ‘வாடிக்கையாளர் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நம்மிடம் பரிசோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் தொழிலில் கற்றதில் பாதி அவரிடம் கற்றதுதான், பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். வாரத்துக்கு ஒருமுறை பதிவான அழைப்புகளைப் போட்டுக் கேட்பது அவர் வழக்கம். அந்த வாரம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“சார், மலையில இருந்து பேசுன அந்தம்மா பாத்துட்டே இருந்தேங்கறாங்க. நம்ம கோடு சரியா இருந்துச்சான்னு பாத்தீங்களா?”

“எங்கோட்டுல என்னம்மா தப்பு இருக்கப்போவுது?” என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவர் குனிந்து என் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த நெட் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். திரையில் சார்ட் திறந்திருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு நிற்கவில்லை. எதுவுமே நடக்காதது போல நேராக, அழகாக, வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது.

“இப்ப என்ன வெலைங்க சார்?” என்றார்.

திரையில் இருந்த எண்ணை வாசித்தேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வயர் அவர் கையில் இருந்தது. வியாபாரம் நடக்காததும் நமக்குச் செய்தி வராததும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே கோட்டைப் போட்டு வைத்திருந்தேன். செய்தி வரவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே விளக்கையும் அணைத்து வைத்திருந்தேன்.

நம் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். “சரிபண்ணி அனுப்பிடுங்க. எதுக்காக மாத்துனோம்னு மட்டும் எழுத வேண்டாம்” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அப்போது எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று சாயங்காலமே திருத்தினேன். இணைப்பு போனால் கோடு அறுந்து நிற்கும், விளக்கு பழையபடி சிவப்பாகும். இரண்டு நாளில் எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. என் கணக்கில் விஷயம் முடிந்துவிட்டது.

“சரி, அந்தம்மாகிட்ட யாருங்க சார் சொல்றது?” என்று பரிசோதனைப் பெண் ஒருமுறை கேட்டார். பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு பத்து நாள் அவர் சாப்பிடும் நேரத்தில் நான் சாப்பிடப் போகவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அந்த அழைப்பின் பதிவை என் கம்ப்யூட்டரில் திறந்து, ஹெட்ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். போட்டுக் கேட்டேன். “சில நேரம் கண்ணு அசந்துடும்மா” என்று என் குரல். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு கனிவாகச் சொல்லியிருந்தேன். மறுபடி போட்டுக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

முதலாளியிடம் மலைக்குப் போகிறேன் என்றேன். “உங்க சொந்த லீவுல போங்க. கம்பெனி அனுப்புச்சுன்னு சொல்லாதீங்க” என்றார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனில் என்றால் நடுவில் வைத்துவிட எனக்கு வசதி இருக்கிறது. எனக்கு என்னைத் தெரியும்.

சனிக்கிழமை கிளம்பினேன். மலைப்பாதை வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து, சோளக்காடு என்னும் சந்தை ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மிளகுக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். விலை எழுதும் பலகை ஈரத்துணியால் துடைத்தபடி வெறுமையாக இருந்தது. பேச்சுக்கு, “மிளகு என்ன வெலைங்க?” என்று கேட்டேன்.

“இன்னும் கீழ இருந்து வெல வரலீங்க.”

“நேத்து என்ன வெல?”

“நேத்து வெல நேத்தோட போச்சுங்க. அத எதுக்கு இன்னிக்குச் சொல்லோணும்?” என்று மூட்டையைக் கட்டப் போய்விட்டார்.

அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வாழவந்தி நாட்டுக்கு ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மல்லிகாவின் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். மல்லிகாவுக்கு நாற்பது வயது இருக்கும். அந்த ஊரிலேயே பிறந்து, நாமக்கல்லில் தங்கி பி.காம். படித்து, திரும்பவும் மலைக்கே மருமகளாக வந்தவர். வீட்டில் மற்றவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். சார்ட் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதன்மேல் ஒரு பழைய சேலையை நான்காக மடித்துப் போட்டு மூடியிருந்தார்கள்.

நான் சொன்னேன். அன்று நெட் போயிருந்தது, அது தெரியாதபடி கோடு ஓடியது, அந்தக் கோட்டை எழுதியது நான், தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் அசையாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார்.

“இதப் பாருங்க. கால் மணிக்கொருக்கா வெலைய எழுதி வெப்பேன். பன்னெண்டேகால், பன்னெண்டரை, பன்னெண்டே முக்கால். மூணு வாட்டியும் ஒரே வெல.”

நீல மையில் மூன்று முறை ஒரே எண். பக்கத்தில் நேரம் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தார்.

“மழ புடிச்சிருச்சுங்க அன்னிக்கு. நெட்டு போயிருக்குமோன்னு நெனச்சேன். முன்னெல்லாம் நெட்டு போனா கோடு அறுந்துருமுங்க. அறுந்தா நான் மேட்டுக்கு ஏறிருவேன், அங்க போன் எடுக்கும். நாமக்கல் ஆபீசுக்குப் போட்டு வெல என்னன்னு கேட்டு, கொறஞ்சிருந்தா வித்துருங்கன்னு சொல்லிருவேன். மூணு வருசமா அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன். அன்னிக்குக் கோடு ஓடிட்டே இருந்துச்சுங்களே.”

அந்த மூன்று எண்களையும் மறுபடி வாசித்தேன்.

“சோளக்காட்டுல வெல வரலைன்னா பலகைய வெறுசா உட்டுருவாங்க. எழுதியிருந்தா அது இன்னிக்கு வெல. நேத்து வெலைய எழுதி வெச்சிருக்கற கடைக்கு இங்க யாரும் மிளகு கொண்டுபோக மாட்டாங்க. சின்னதுல இருந்து எனக்கு அதே பழகிப்போச்சு. தெரியாத வெலைய ஒருத்தர் போட்டுக் காட்டுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க.”

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை விளக்கினார். காலையில் அந்தப் பலகைக்கு எதிரில்தான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் முப்பது வருடமாகச் செய்த வேலையின் முதல் விதியை அந்தக் கடைக்காரர் ஈரத்துணியை வைத்துக்கொண்டு தினமும் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பங்கில் போட்டிருந்தது மல்லிகாவின் பணம் மட்டுமில்லை. நாத்தனாரும் அந்த வருட மிளகுப் பணத்தை நம்பிக் கொடுத்திருந்தார். பணம் போனதைப் பற்றி மல்லிகா அதிகம் பேசவில்லை. பேசியது வேறு.

“யாரும் திட்டலீங்க. எங்க ஊட்டுக்காரரு இந்தச் சேலையப் போட்டு மூடுனாரு, அவ்வளவுதான். எங்கத்தை இப்ப அடுப்புல பாலு வெச்சாக்கூட எங்கிட்டப் பாத்துக்கச் சொல்றதில்ல, பக்கத்துல அவங்களே நின்னுக்கறாங்க. நாமக்கல் போயி கண்ணு காட்டுனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பத்தானுங்க பயமாயிருச்சு. கண்ணு நல்லா இருந்தும் தெரியலைன்னா புத்திதானே கெட்டுப் போயிருக்கோணும்? இந்த நோட்ட எடுத்து எடுத்துப் பாப்பேன். நானே ஒரே வெலைய மூணு தடவ எழுதிட்டு அசந்துட்டேனோன்னு இருக்கும்.”

அந்த நோட்டை அவர் மூடினார்.

“நீங்க எங்கிட்டச் சொன்னீங்க, சரி. இத எங்க ஊட்டுல எல்லாரும் இருக்கறப்பச் சொல்லோணுமுங்க. சாயங்காலம் வருவாங்க. இருப்பீங்களா?”

இருந்தேன். மத்தியானம் களி போட்டார், சாப்பிட்டேன். ஒரு தப்பை ஒருமுறை சொல்வது சிரமம், இரண்டாவது முறை சுலபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து, கால் கழுவிக்கொண்டு, யார் இந்த ஆள் என்று பார்த்தபடி உட்கார உட்கார, அப்படி இல்லை என்று தெரிந்தது. மல்லிகாவின் கணவர், மாமியார், நாத்தனார், நாத்தனாரின் கணவர். எல்லோருக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொன்னேன். கம்ப்யூட்டருக்கு விலை தெரியாதபோது தெரிந்த மாதிரி காட்டியது, அப்படிக் காட்டச் சொன்னது நான் என்றேன்.

மாமியார்தான் முதலில் பேசினார். “ஏஞ்சாமி, அப்ப எங்க மல்லி தூங்கலியா?”

“இல்லீங்கம்மா. அவங்க ஒழுங்காத்தான் பாத்திருக்காங்க. தப்பு எம்மேலதான். எல்லாரும் மன்னிக்கணும்.”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். கணவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “உடுங்க. இத்தன தூரம் ஏறி வந்து சொல்றீங்க, எவன் வந்து சொல்லுவான்? போனது போச்சு” என்றார். பெரிய மனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“ஒரு நிமிசமுங்க” என்றார் மல்லிகா. “அன்னிக்குப் போன்ல எங்கூடப் பேசுனது யாருங்க?”

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். சார்ட்டைப் பற்றி நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். பஸ்ஸில் வரும்போதே அதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். நிரலில் தப்பு வந்தால் அது தொழிலில் சகஜம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தன் கண்ணால் பார்த்ததைச் சொன்ன ஒருவரிடம், நீ பார்க்கவில்லை என்று சொன்னது அப்படி இல்லை. அன்று போனில் அப்படிச் சொல்ல என்னை எந்த அவசரமும் துரத்தவில்லை. அவர் சொன்னதை ஐந்து நிமிடம் நம்பிப் பார்த்திருந்தால் வயரை நானே பிடுங்கியிருப்பேன். உங்களுக்கும் இப்படி அழைப்புகள் வரும். அப்போது உங்கள் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது.

அழைப்பு எடுக்கும் பையன் என்று சொல்லியிருக்கலாம். அவனை அவர்கள் பார்க்கப்போவதே இல்லை. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“நாந்தாங்க” என்றேன்.

“காலைல வாசல்ல நின்னு பேசுனீங்களே, அப்பவே கொரல் தெரிஞ்சுதுங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பொழுது பூராப் பாத்தேன்.”

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மல்லிகா கையைக் காட்டி நிறுத்தினார்.

“கோட்டுக்கு ரெண்டு தடவ மன்னிப்புக் கேட்டுட்டீங்க. நான் பாக்கலைன்னு சொன்னீங்களே, அதுக்கு இன்னும் கேக்கலீங்க.”

பையைக் கீழே வைத்தேன். நின்றபடியே கேட்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள், சொல்லவும் சொன்னீர்கள், நான் நம்பவில்லை, என் கோட்டின் மேல் இருந்த கர்வத்தில் உங்கள் கண்ணைக் குறை சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மாமியார் பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்கிட்டீங்களா அத்தை? நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”